செஸ் இன்ஜினும் உலகச் சாம்பியனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய செஸ் போட்டிகளை நேரலையில் பார்ப்பவர்களும் புதிதாக விளையாடப் பழகுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. செஸ் ஆடும் மென்பொருளை இங்கே 'இன்ஜின்' என்றே குறிப்பிடுகிறேன். வீரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இன்றைய சிறந்த இன்ஜினும் உலகின் முதல்நிலை வீரரும் மோதினால் வெற்றி யாருக்கு?

இன்ஜினுக்கு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினைச் சாதாரண மடிக்கணினியில் ஓடவிட்டு, எதிரே முதல்நிலை வீரர் மேக்னஸ் கார்ல்சனை உட்கார வைத்தாலும் முடிவு மாறாது. வெள்ளைக் காய்களோடு மிகப் பாதுகாப்பாக ஆடினால் அவர் சில ஆட்டங்களை டிரா செய்யலாம். வெற்றி என்பது அபூர்வத்திலும் அபூர்வம். சமமான நிபந்தனைகளில் இப்படியொரு பெரிய போட்டியை இப்போது யாரும் நடத்துவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். முடிவு தெரிந்த போட்டியை யார் பார்ப்பார்கள்?

வித்தியாசம் எவ்வளவு? எண்ணில் சொல்ல முடியுமா?

செஸ்ஸில் வலிமையை அளப்பது எலோ ரேட்டிங். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாட் எலோ வகுத்த முறை இது. இரு வீரர்களின் ரேட்டிங்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் இதில் முக்கியம். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரைப் புள்ளி. இடைவெளி 200 என்றால், நூறு ஆட்டங்களில் வலுவானவருக்குச் சுமார் 76 புள்ளிகள் கிடைக்கும். 400 என்றால் 91. இடைவெளி 700 ஆகிவிட்டால் 98 புள்ளிகளைத் தாண்டிவிடும்.

மனிதர்களில் இதுவரை எட்டப்பட்ட உச்சம் 2882. அது 2014ஆம் ஆண்டு மே மாதப் பட்டியலில் கார்ல்சன் தொட்டது. அதற்கு முன் ரஷ்யாவின் உலகச் சாம்பியன் கேரி காஸ்பரோவ் 1999இல் 2851ஐ எட்டியிருந்தார். முன்னணி இன்ஜின்களோ தங்களுக்கென்று உள்ள பட்டியல்களில் 3600ஐ ஒட்டியும் அதற்கு மேலும் நிற்கின்றன. கழித்துப் பார்த்தால் 700க்கு மேல் வருகிறது. கணக்குப்படி, நூறு ஆட்டங்கள் ஆடினால் மனிதருக்குக் கிடைப்பது இரண்டு புள்ளிகளுக்கும் குறைவு. எல்லாமே டிராவில் வந்ததாக வைத்துக்கொண்டால், மூன்று அல்லது நான்கு டிராக்கள்.

அந்த 3600 என்ற எண்ணை அப்படியே நம்பலாமா?

திசையை நம்பலாம், அளவை நம்பக்கூடாது.

எலோ முறை ஒரே கூட்டத்துக்குள் ஆடுபவர்களை மட்டுமே ஒப்பிடும். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் மனிதர்கள் மனிதர்களோடு ஆடிச் சேர்த்த புள்ளிகள் இருக்கின்றன. இன்ஜின் பட்டியல்களில் இன்ஜின்கள் இன்ஜின்களோடு ஆடிச் சேர்த்தவை இருக்கின்றன. இரண்டையும் இணைக்க வேண்டுமானால் மனிதர்களும் இன்ஜின்களும் தங்களுக்குள் தொடர்ந்து ஆட வேண்டும். அந்தப் பாலம் ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே அறுந்துபோயிற்று. எனவே 3600 என்பதை '2882ஐவிட 718 அதிகம்' என்று துல்லியமாகப் படிப்பது தவறு. எந்தக் கணினியில் ஓடியது, ஒரு நகர்த்தலுக்கு எவ்வளவு நேரம், எந்தத் தொடக்கங்களிலிருந்து ஆடவைத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வழக்கமான தொடக்க நிலையிலிருந்து இரண்டு முன்னணி இன்ஜின்களை ஆடவிட்டால் கிட்டத்தட்ட எல்லா ஆட்டங்களும் டிராதான். அதனால் இன்ஜின்களுக்கு இடையிலான போட்டிகளில், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிலைகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்து, இரு இன்ஜின்களையும் இரு நிறங்களிலும் ஆட வைக்கிறார்கள். மனிதருக்கு எதிரான வலிமையை அந்த முடிவுகள் நேரடியாகச் சொல்வதில்லை. இடைவெளி பெரியது என்பது மட்டும் உறுதி. அது 600ஆ 800ஆ என்று சண்டை போடுவதில் பயனில்லை.

மனிதரை இன்ஜின் எப்போது முந்தியது? 1997இலா?

எல்லோரும் சொல்லும் ஆண்டு அதுதான். என் கருத்தில் அது முந்திய ஆண்டு அல்ல, எட்டிப்பிடித்த ஆண்டு. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் விளங்கும்.

ஸ்காட்லாந்தின் செஸ் மாஸ்டர் டேவிட் லெவி 1968இல் ஒரு பந்தயம் கட்டினார். பத்து ஆண்டுகளுக்குள் எந்தக் கணினியும் தன்னை ஒரு போட்டித் தொடரில் வெல்லாது என்றார். 1978இல் 'செஸ் 4.7' என்ற நிரலை 3.5–1.5 என்று வென்று பந்தயத்தையும் வென்றார். ஆனால் ஓர் ஆட்டத்தில் தோற்றிருந்தார். 1988இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'டீப் தாட்', கலிபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த போட்டியில் டென்மார்க்கின் பெண்ட் லார்சனைத் தோற்கடித்தது. கிராண்ட்மாஸ்டர் என்ற செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டம் பெற்ற ஒருவரை முறையான போட்டியில் கணினி வீழ்த்தியது அதுவே முதல்முறை. மறு ஆண்டு அதே டீப் தாட்டை காஸ்பரோவ் 2–0 என்று எளிதாக வென்றார். அதே 1989இல் லெவி அதனிடம் 0–4 என்று தோற்றார்.

டீப் தாட் குழுவினர் ஐபிஎம்மில் சேர்ந்து உருவாக்கியதுதான் டீப் புளூ. 1996 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் காஸ்பரோவுக்கு எதிரான முதல் ஆட்டத்தையே அது வென்றது. நடப்பு உலகச் சாம்பியன் ஒருவர் நீண்ட நேர ஆட்டத்தில் கணினியிடம் தோற்றது வரலாற்றில் அதுவே முதல்முறை. தொடரை காஸ்பரோவ் 4–2 என்று கைப்பற்றினார். 1997 மே மாதம் நியூயார்க்கில் மறுபோட்டி. முதல் ஆட்டம் காஸ்பரோவுக்கு, இரண்டாவது டீப் புளூவுக்கு, அடுத்த மூன்றும் டிரா, ஆறாவது டீப் புளூவுக்கு. மொத்தம் 3.5–2.5.

இங்கேதான் பலர் கதையை முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2002இல் பஹ்ரைனில் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கும் டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலும் 4–4. 2003இல் காஸ்பரோவும் டீப் ஜூனியர் என்ற நிரலும் 3–3. அதே ஆண்டு இன்னொரு ஃபிரிட்ஸோடு காஸ்பரோவ் 2–2. ஆக, 1997க்குப் பின் ஆறு ஆண்டுகள் வரை உலகின் முதல் இரண்டு வீரர்கள் சமமாகவே நின்றார்கள். உடைப்பு 2005இல் வந்தது. லண்டனில் ஹைட்ரா என்ற இயந்திரம் மைக்கேல் ஆடம்ஸை 5.5–0.5 என்று நசுக்கியது. ஆடம்ஸ் அப்போது உலகின் முன்னணி வீரர்களில் ஒருவர். 2006இன் இறுதியில் பான் நகரில் உலகச் சாம்பியன் கிராம்னிக் டீப் ஃபிரிட்ஸிடம் 2–4 என்று தோற்றார். அதில் அவர் ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. 'யார் வலுவானவர்' என்ற கேள்வி அந்த ஊரில்தான் முடிந்தது என்பேன்.

1997இல் ஐபிஎம் ஏமாற்றியது என்கிறார்களே?

இரண்டாவது ஆட்டத்தில் டீப் புளூ, கைக்கெட்டிய ஆதாயத்தை விட்டுவிட்டு, எதிராளியின் காய்கள் எந்தப் பக்கமும் அசைய முடியாதபடி பிஷப்பை அமைதியாக ஒரு கட்டத்தில் நிறுத்தியது. அக்காலத்துக் கணினிகள் அப்படி ஆடுவதில்லை. மறைவில் ஒரு கிராண்ட்மாஸ்டர் உதவுகிறார் என்று காஸ்பரோவ் சந்தேகித்தார். இயந்திரத்தின் பதிவேடுகளைக் கேட்டார். ஐபிஎம் உடனே தரவில்லை, பின்னர் வெளியிட்டது. மீண்டும் மோத அவர் கேட்டதையும் ஏற்காமல், டீப் புளூவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. சந்தேகம் நீடித்ததற்கு ஐபிஎம்மின் இந்தப் போக்கும் ஒரு காரணம்.

ஏமாற்றியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் இன்ஜின்களின் துணையோடு அந்த ஆட்டங்களை ஆராய்ந்த காஸ்பரோவே தன் பழைய கருத்தைப் பெருமளவு மாற்றிக்கொண்டார். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறு. அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் தோல்வியை ஒப்புக்கொண்ட நிலையில், தொடர் செக் கொடுத்து டிரா செய்யும் வழி இருந்ததென்று ஆட்டம் முடிந்த பிறகு கண்டுபிடித்தார்கள். இயந்திரம் அதை அனுமதித்திருக்காது என்று நம்பியதால் அவர் தேடவே இல்லை. ஆறாவது ஆட்டத்தில் அவரை 19 நகர்த்தல்களில் சாய்த்த குதிரைப் பலியும் டீப் புளூ பலகையில் யோசித்துக் கண்டது அல்ல. அதன் தொடக்க ஆட்டத் தொகுப்பில் முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எதிராளியின் உண்மையான பலம் பாதி, அந்தப் பலத்தைப் பற்றிய பயம் பாதி என்று இரண்டுமாகச் சேர்ந்துதான் காஸ்பரோவை வீழ்த்தின.

மனிதர் கடைசியாக எப்போது வென்றார்?

போட்டி நிபந்தனைகளில், நீண்ட நேர ஆட்டத்தில், எந்தச் சலுகையும் இல்லாமல் முன்னணி இன்ஜின் ஒன்றை மனிதர் வென்றதற்குக் கடைசி உதாரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 2005 நவம்பரில் ஸ்பெயினின் பில்பாவோவில் நடந்த ஆட்டம். உக்ரைனின் ருஸ்லான் பொனமரியோவ் ஃபிரிட்ஸை வென்றார்.

விரைவு ஆட்டங்களில் நிலைமை எப்படி?

இன்னும் மோசம். நேரம் குறையக் குறைய மனிதர் பிழை செய்வது கூடும், இன்ஜினுக்கு அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. டீப் புளூவுக்கு முன்பே, 1994இல் லண்டனில் நடந்த விரைவு ஆட்டப் போட்டியில் 'செஸ் ஜீனியஸ்' என்ற நிரல் காஸ்பரோவை வெளியேற்றியிருந்தது.

இதைத் தெளிவாகக் காட்டும் போட்டி 1998இல் விஸ்வநாதன் ஆனந்துக்கும் 'ரெபல்' என்ற நிரலுக்கும் நடந்தது. மொத்தம் எட்டு ஆட்டங்களில் ரெபல் 5–3 என்று வென்றது. அதன் வெற்றி முழுக்க முழுக்க விரைவு ஆட்டங்களில் கிடைத்தது. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டை மட்டும் தனியே எடுத்தால் ஆனந்த் 1.5–0.5 என்று முன்னிலையில் இருந்தார். அதே மனிதர், அதே மென்பொருள், கடிகாரம் மட்டும் வேறு.

வெல்வதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டுமா?

வேண்டியதில்லை. 2009இல் பியூனஸ் ஐரிஸில் நடந்த ஒரு போட்டியில், கைபேசி ஒன்றில் ஓடிய 'பாக்கெட் ஃபிரிட்ஸ் 4' பத்து ஆட்டங்களில் 9.5 புள்ளிகள் எடுத்தது. அது நொடிக்கு 20,000 நிலைகளைக்கூடப் பார்க்கவில்லை. டீப் புளூ நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தும் ஆட்டத்தின் தரம் குறையவில்லை. காரணம், எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று இன்ஜின்கள் அதற்குள் கற்றிருந்தன. இன்று உங்கள் கையில் இருக்கும் கைபேசியில் ஸ்டாக்ஃபிஷை ஏற்றினால் எந்தச் சாம்பியனாலும் அதைச் சமாளிக்க முடியாது.

அப்படி என்னதான் செய்கிறது இன்ஜின்? எல்லா நகர்த்தல்களையும் பார்த்துவிடுகிறதா?

இல்லை. பார்க்கவும் முடியாது. வெள்ளை முதல் நகர்த்தலை 20 விதமாக ஆடலாம். இரு பக்கமும் ஒருமுறை நகர்த்தினால் 400 வழிகள். இரு பக்கமும் இருமுறை நகர்த்தினால் 1,97,281. மொத்த ஆட்டங்களின் எண்ணிக்கையை 1950ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தோராயமாகக் கணக்கிட்டார். ஒன்றுக்குப் பின் 120 சுழியம் போட்டால் வரும் எண் அது. கணினிகள் செஸ் ஆடத் தொடங்கும் முன்பே, எல்லாவற்றையும் பார்ப்பது வழியல்ல என்று அவர் தெளிவாக்கிவிட்டார்.

இன்ஜினின் வேலையில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று தேடல்: நான் இப்படி ஆடினால் அவர் எப்படி ஆடுவார், அதற்கு நான் என்ன செய்வேன் என்று கிளைகிளையாகப் போவது. மற்றது மதிப்பீடு: ஒரு கிளையின் நுனியில் நின்று, இந்த நிலை யாருக்குச் சாதகம் என்று எண்ணில் சொல்வது. தேடலின் உயிர்நாடி வெட்டுதல். ஒரு நகர்த்தலுக்கு எதிராளியிடம் நல்ல பதிலடி ஒன்று இருப்பது தெரிந்துவிட்டால், மற்ற பதிலடிகளைப் பார்க்க வேண்டியதில்லை, அந்தக் கிளையையே வெட்டிவிடலாம். ஆல்ஃபா–பீட்டா என்ற இந்த உத்தி பழையது. நம்பிக்கையற்ற கிளைகளை மேலோட்டமாகவும் நம்பிக்கையுள்ளவற்றை ஆழமாகவும் பார்க்கும் நுட்பங்களை அதன்மேல் பல ஆண்டுகளாக அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷின் ஒவ்வொரு சிறு மாற்றமும், தன்னார்வலர்கள் தரும் கணினிகளில் பழைய வடிவத்தோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, பயன் உண்டென்று உறுதியான பிறகே சேர்க்கப்படுகிறது.

மனிதர் வேறு விதமாக யோசிக்கிறார். டச்சு உளவியலாளரும் வலுவான செஸ் வீரருமான அட்ரியான் டி குரூட், பெரிய வீரர்கள் யோசிக்கும் முறையை ஆராய்ந்தார். அவர்கள் மற்ற நல்ல வீரர்களைவிட அதிக நகர்த்தல்களைக் கணக்கிடுவதில்லை என்று கண்டார். நல்ல நகர்த்தல் எது என்பது அவர்கள் கண்ணில் முதலிலேயே படுகிறது. ஆண்டுக்கணக்கில் பார்த்த நிலைகள் மனத்தில் படிந்திருப்பதால் வரும் பார்வை அது. நொடிக்குப் பல லட்சம் நிலைகளைப் பார்க்கும் இயந்திரத்தை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில கிளைகளை மட்டும் பார்க்கும் மனிதர் 2003 வரை சமமாக எதிர்கொண்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்தச் சாதனை இயந்திரத்தின் வெற்றியைவிடப் பெரிதாகவே தெரிகிறது.

ஆல்ஃபாஜீரோ எதை மாற்றியது?

மதிப்பீட்டை. அதுவரை 'யானைக்கு இத்தனை, ராஜாவுக்கு முன் சிப்பாய் இல்லாவிட்டால் இத்தனை கழித்தல்' என்று மனிதர்களே விதிகளை எழுதிவந்தார்கள். 2017 டிசம்பரில் கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்ஃபாஜீரோவுக்கு ஆட்ட விதிகளை மட்டுமே கொடுத்தார்கள். தன்னோடு தானே கோடிக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, எந்த நிலை நல்லது என்பதை நரம்பியல் வலைப்பின்னல் (மூளை நரம்புகளின் அமைப்பைப் பின்பற்றிய நிரல்) வழியாகத் தானே கற்றது. நான்கு மணி நேரப் பயிற்சியில் அன்றைய ஸ்டாக்ஃபிஷைத் தாண்டியது என்று அறிவித்தார்கள். அந்த நான்கு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான சிறப்புச் சில்லுகள் உழைத்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நூறு ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு ஏழு கோடி நிலைகளைப் பார்த்தபோது ஆல்ஃபாஜீரோ பார்த்தது 80,000 மட்டுமே.

அந்தப் போட்டியின் நிபந்தனைகள் ஸ்டாக்ஃபிஷுக்குப் பாதகமானவை என்ற விமர்சனம் நியாயமானது. நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று நேரத்தைக் கட்டிப்போட்டிருந்தார்கள். ஆனால் ஆடிய விதம் யாரையும் வாயடைக்க வைத்தது. சிப்பாய்களைத் தயங்காமல் பலி கொடுத்து, எதிராளியின் காய்களை மூச்சுவிட முடியாமல் நெருக்கி, விளிம்புச் சிப்பாயை ராஜாவை நோக்கி ஓட்டியது. அந்த ஆட்டங்களிலிருந்து கற்றதைக் கார்ல்சன் வெளிப்படையாகவே சொன்னார்.

ஆல்ஃபாஜீரோ பொதுமக்கள் கைக்கு வரவில்லை. அதன் வழியில் தன்னார்வலர்கள் 2018இல் லீலா என்ற இன்ஜினை உருவாக்கினார்கள். ஜப்பானின் ஷோகி ஆட்டத்துக்காக யூ நாசு வடிவமைத்திருந்த, சாதாரணக் கணினியிலேயே வேகமாக ஓடும் சிறிய நரம்பியல் வலைப்பின்னலை ஸ்டாக்ஃபிஷ் 2020இல் ஏற்றது. பழைய தேடலும் புதிய மதிப்பீடும் சேர்ந்த அந்தக் கலவைதான் இன்றும் முன்னணியில் இருக்கிறது.

மனிதர்கள் சரியாக எந்த இடத்தில் தோற்கிறார்கள்?

புரிதலில் என்பதைவிடப் பிழையில். இன்ஜின் எப்போதும் மேதைத்தனமாக ஆட வேண்டியதில்லை. ஐந்து மணி நேரமும் தவறாமல் ஆடினால் போதும், மனிதர் எங்கோ ஓரிடத்தில் தவறுவார்.

பான் நகரின் இரண்டாவது ஆட்டம் இதற்குச் சாட்சி. கிராம்னிக் கறுப்புக் காய்களோடு நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். 34ஆவது நகர்த்தலில் ராணியை வேறு கட்டத்துக்குக் கொண்டுபோனார். அடுத்த நகர்த்தலிலேயே செக்மேட். தொடங்கிச் சில மாதங்களே ஆன சிறுவனும் காணக்கூடிய செக்மேட்டை உலகச் சாம்பியன் காணவில்லை.

2014இல் சோச்சியில் கார்ல்சன்–ஆனந்த் உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம் இன்னொன்று. 26ஆவது நகர்த்தலில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்தில் வைத்தார். ஆனந்தின் குதிரை ஒரு சிப்பாயை எடுத்திருந்தால் ஆட்டம் தலைகீழாக மாறியிருக்கும். எதிராளி அப்படியொரு பிழை செய்வார் என்று எதிர்பார்க்காத ஆனந்த், தன் திட்டப்படி வேறு நகர்த்தலை விரைவாக ஆடிவிட்டார். ஆட்டத்தையும் இழந்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தில், அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை வைத்த இடமும் அப்படிப்பட்டதே. யானைகளும் பிஷப்புகளும் மாற்றிக்கொள்ளப்பட, ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இந்தப் பிழைகள் மூன்றையும் எந்தக் கைபேசியும் நொடிக்குள் காட்டும்.

நேரலையில் ஓரத்தில் ஏறி இறங்கும் பட்டையை எப்படிப் புரிந்துகொள்வது?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் வேண்டிய கேள்வி இதுதான். யாருக்கு எவ்வளவு சாதகம் என்ற இன்ஜினின் மதிப்பீட்டைக் காட்டும் அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டு, 'இதுகூடத் தெரியவில்லையா?' என்று கிராண்ட்மாஸ்டர்களை ஏளனம் செய்வது இப்போது பரவிவிட்டது. அது அநியாயம். பதிலை முன்னால் வைத்துக்கொண்டு கேள்வியைப் பார்ப்பவர், பதில் இருக்கிறதா என்றே தெரியாமல் யோசிப்பவரைக் குறை சொல்கிறார்.

முன்பெல்லாம் +1 என்றால் ஏறக்குறைய ஒரு சிப்பாய் அளவு சாதகம். 2022இல் வந்த 15.1 பதிப்பு முதல் ஸ்டாக்ஃபிஷில் அதற்குப் பொருள் வேறு: இதே நிலையிலிருந்து ஸ்டாக்ஃபிஷும் ஸ்டாக்ஃபிஷும் ஆடினால், சாதகமான பக்கம் வெல்ல ஐம்பது விழுக்காடு வாய்ப்பு. இருவருமே ஸ்டாக்ஃபிஷ் என்பதைக் கவனியுங்கள். கடிகாரத்தில் மூன்று நிமிடம் மிச்சமுள்ள, நான்கு மணி நேரம் யோசித்துக் களைத்த இரு மனிதர்களைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

பட்டை 0.00 காட்டும் நிலையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் எதை ஆடினாலும் டிரா, மற்றவர் தொடர்ந்து பத்துமுறை ஒரே ஒரு சரியான நகர்த்தலைக் கண்டுபிடித்தால் மட்டுமே டிரா. இன்ஜினுக்கு இரண்டும் ஒன்று. பலகையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று உலா, மற்றது மரண வேதனை. நல்ல வர்ணனையாளர்கள் 'இதைக் கண்டுபிடிப்பது மனிதரால் ஆகுமா?' என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கிறார்கள். எண்ணை மறைத்துவிட்டு இருபது நிமிடம் நீங்களே நகர்த்தலைத் தேடிப் பாருங்கள். அதன் பிறகு அந்த வீரரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்ஜினுக்குப் பலவீனமே இல்லையா?

குறைந்துகொண்டே வருகிறது. முன்பு சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட மூடிய நிலைகளில் இன்ஜின்கள் திணறின. 2003இல் காஸ்பரோவ் ஃபிரிட்ஸை அப்படித்தான் ஓர் ஆட்டத்தில் கட்டிப்போட்டார். இப்போது அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. 'கோட்டை' எனப்படும் நிலைகளில் மட்டும் சில நேரம் மனிதப் பார்வை முந்துகிறது. ஒரு பக்கம் ராணியே கூடுதலாக இருக்கும், ஆனால் எதிராளியின் அரணுக்குள் நுழைய வழியே இருக்காது. மனிதர் 'இது டிரா' என்று உடனே சொல்லிவிடுவார். இன்ஜின் பெரிய சாதகம் காட்டிக்கொண்டே காய்களை இங்குமங்கும் நகர்த்தும்.

காய்களைக் குறைத்துக்கொண்டு இன்ஜின் ஆடினால்?

அப்போது போட்டி மறுபடியும் சுவாரசியமாகிறது. 2016 ஜனவரியில் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நாகமுராவுக்கும் கொமோடோ இன்ஜினுக்கும் வெவ்வேறு சலுகைகளோடு நான்கு ஆட்டங்கள் நடந்தன. முதல் மூன்றும் டிரா. கடைசியில் நாகமுராவுக்கு முதல் நான்கு நகர்த்தல்கள் இலவசம், அதையும் கொமோடோ வென்றது. மொத்தம் 2.5–1.5. அதற்குப் பிறகு, ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து ஆடுவதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட லீலாவின் வடிவம் வந்தது. சிக்கலான நிலைகளைத் தேடிப்போய் மனிதரைப் பிழை செய்யத் தூண்டும் அது, விரைவு ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்டர்களையே குதிரை இல்லாமல் வெல்கிறது. நீண்ட நேர ஆட்டத்தில் ஒரு முழுக் குதிரை இன்னமும் பெரிய சலுகைதான்.

மனிதரும் இன்ஜினும் சேர்ந்து ஆடினால் தனி இன்ஜினை வெல்லலாமா?

ஒரு காலத்தில் முடிந்தது. 1998இல் ஸ்பெயினின் லியோனில் காஸ்பரோவும் பல்கேரியாவின் வெசலின் தோபலோவும் ஆளுக்கொரு கணினியோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்தார்கள். 3–3 என்று முடிந்தது. 2005இல் இணையத்தில் நடந்த கூட்டு ஆட்டப் போட்டியை, கிராண்ட்மாஸ்டர்கள் இருந்த அணிகளைத் தாண்டி, கணினிகளை நன்றாகக் கையாளத் தெரிந்த இரண்டு அமெச்சூர் வீரர்கள் வென்றார்கள். இன்று மனிதர் இன்ஜினின் தேர்வை மாற்றினால் பெரும்பாலும் ஆட்டம் கெடுகிறது. அஞ்சல்வழி செஸ்ஸில் இன்ஜின் உதவிக்கு அனுமதி உண்டு, ஒரு நகர்த்தலுக்கு நாள்கணக்கில் யோசிக்கலாம். உயர்நிலைப் போட்டிகளில் ஏறக்குறைய எல்லாமே டிரா.

அப்படியானால் செஸ்ஸைக் கணினி 'தீர்த்துவிட்டதா'?

இல்லை. செக்கர்ஸ் ஆட்டத்தை 2007இல் ஜோனதன் ஷேஃபரின் குழு தீர்த்தது. இரு பக்கமும் சரியாக ஆடினால் டிரா என்று நிறுவினார்கள். செஸ்ஸில் பலகையில் ராஜாக்கள் உட்பட ஏழு காய்கள் வரை மிஞ்சியுள்ள நிலைகளுக்கு மட்டுமே முழுமையான விடை கணக்கிடப்பட்டுள்ளது. அதில் செக்மேட்டுக்கு 549 நகர்த்தல்கள் தேவைப்படும் நிலையும் உண்டு. 32 காய்களோடு தொடங்கும் முழு ஆட்டம் அந்த எல்லைக்கு வெகு தொலைவில் இருக்கிறது. டிராதான் என்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள், யாரும் நிரூபிக்கவில்லை.

சாட்ஜிபிடி போன்றவை எப்படி ஆடும்?

செஸ் இன்ஜினோடு ஒப்பிடவே முடியாது. அவை மொழிக்காக உருவாக்கப்பட்டவை. தொடக்கத்தை நன்றாக ஆடிவிட்டு, நடுவில் பலகையை மறந்து, விதிக்குப் புறம்பான நகர்த்தல்களைச் சொல்வது அவற்றில் அடிக்கடி காணப்பட்ட குறை.

இன்ஜின்களால் மனித செஸ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை, மாறிவிட்டது. இன்றைய இளம் வீரர்களின் தற்காப்பு முந்தைய தலைமுறையைவிட மிகத் துல்லியம், ஏனென்றால் தோற்றதாகத் தோன்றும் நிலைகளிலும் தப்பிக்கும் வழி உண்டென்று இன்ஜின் காட்டிக்கொடுத்திருக்கிறது. இழப்பும் உண்டு. முதல் இருபது நகர்த்தல்களை வீட்டில் இன்ஜினோடு தயாரித்து மனப்பாடம் செய்வது பெரும் சுமையாகிவிட்டது. பின்வரிசைக் காய்களைக் குலுக்கி 960 விதமான தொடக்க நிலைகளிலிருந்து ஆடும் முறையை பாபி ஃபிஷர் 1996இல் அறிவித்தார். முன்னணி வீரர்கள் இப்போது அதை நாடுவது இந்தச் சுமையால்தான்.

ஏமாற்று இன்னொரு காயம். ஆட்டத்தின் போது ஒரே ஒரு முக்கிய நிலையில் குறிப்பு கிடைத்தாலும் கிராண்ட்மாஸ்டருக்குப் போதும். அதனால்தான் ஆட்ட அரங்கில் கைபேசிக்குத் தடை, சோதனைக் கருவிகள், இன்ஜினின் தேர்வோடு வீரரின் நகர்த்தல்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற புள்ளியியல் ஆய்வு எல்லாம்.

பழகுவதற்கு இன்ஜினோடு ஆடலாமா?

முழு பலத்தோடு ஆடும் இன்ஜினிடம் தோற்றுக்கொண்டே இருப்பதில் கற்க அதிகமில்லை. பலத்தைக் குறைத்து வைத்தால், நன்றாக ஆடிக்கொண்டே வந்து திடீரென்று வேண்டுமென்றே ராணியைக் கொடுத்துவிடும். மனிதர் அப்படித் தவறுவதில்லை. இந்தக் குறையைப் போக்கவே, சாதாரண வீரர்கள் ஆடிய ஆட்டங்களைக் கொண்டு, அவர்களைப் போலவே ஆடவும் தவறவும் பயிற்றுவிக்கப்பட்ட 'மாயா' என்ற இன்ஜின் 2020இல் வந்தது. லிசெஸ் என்ற இலவச இணையதளத்தில் அதனோடு ஆடலாம்.

இன்ஜினின் சிறந்த பயன் ஆட்டம் முடிந்த பிறகுதான். முதலில் அதைத் திறக்காமல், எங்கே திணறினீர்கள், என்ன நினைத்து ஆடினீர்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் எழுதுங்கள். பிறகு இன்ஜினைத் திறந்து, உங்கள் குறிப்பும் அதன் எண்ணும் பெரிதாக மாறுபடும் இரண்டு மூன்று இடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது சொல்லும் நகர்த்தலுக்கு எதிராக உங்களுக்குத் தோன்றும் பதிலடிகளை ஒவ்வொன்றாகப் பலகையில் ஆடிக் காட்டுங்கள். ஏன் அவை செல்லாது என்று அது காட்டும்போது அந்த வரிகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.